பிள்ளை ஆல்ரவுண்டர் ஆகவேண்டுமா? பிறப்புச் சான்றிதழிலிருந்து தொடங்குங்கள்

என் மகன் சென்னை கிரிக்கெட் லீக்கில் கீழ் டிவிஷன் ஒன்றில் ஆடுகிறான். ஆறாவதாக இறங்குவான், மீடியம் பேஸ் போடுவான். மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையில் ஆடுவானா என்று கேட்காதீர்கள், அது யாருக்கும் தெரியாது. ஆனால் பேட்டைத் தூக்கிய சிறுவனை இந்த இடம்வரை கொண்டுவர எந்தெந்த வரிசையில் நிற்கவேண்டும், எந்தக் காகிதம் கையில் இருக்கவேண்டும், எவ்வளவு செலவாகும் என்பது தெரியும். மைதான ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மற்ற பெற்றோர்களிடமிருந்து துண்டு துண்டாகச் சேர்த்த விஷயம்தான் பாதி. தமிழ்நாட்டில் ஆடும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். பேட்டிங், பவுலிங் இரண்டும் செய்யும் ஆல்ரவுண்டருக்கு மட்டுமே வரும் தொல்லைகளுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

1. முதலில் காகிதம்

பேட் வாங்கும் முன் பிறப்புச் சான்றிதழை எடுத்து மேசையில் வையுங்கள். பக்கத்தில் ஆதார், பள்ளி ஆவணம், பாஸ்போர்ட் இருந்தால் அதுவும். நான்கிலும் ஒரே பெயர், ஒரே இனிஷியல், ஒரே பிறந்த தேதி இருக்கவேண்டும். நம் ஊரில் இனிஷியல்தான் வில்லன். பள்ளியில் ‘எஸ். கார்த்திக்’, ஆதாரில் ‘கார்த்திக் செல்வம்’, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால். மாநிலச் சங்கம் வழியாக இந்திய கிரிக்கெட் வாரியமான பிசிசிஐயின் பதிவுக்குப் போகும்போது இது நிச்சயம் இடிக்கும். அதுவும் கடைசித் தேதிக்கு முந்தின நாள்தான் இடிக்கும்.

திருத்தும் வரிசை முக்கியம். முதலில் பிறப்புச் சான்றிதழ், அப்புறம் ஆதார், அப்புறம் பள்ளி. மற்ற எல்லாவற்றையும் பிறப்புச் சான்றிதழைக் காட்டித்தான் திருத்துவார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அச்சாகிவிட்டால் பள்ளி ஆவணத்தை மாற்றுவது பெரிய அலைச்சல். அதனால் பத்தாம் வகுப்புக்கு நாமினல் ரோல் (தேர்வு எழுதும் மாணவர் பட்டியல்) தயாராகும் முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள். சிலருடைய பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே இருக்காது, ‘ஆண் குழந்தை’ என்றுதான் இருக்கும். பிறப்பைப் பதிந்து ஓராண்டுக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் இல்லை, அதன்பின் தாமதக் கட்டணம் உண்டு. சின்னத் தொகைதான். தள்ளிப்போடாமல் சேர்த்துவிடுங்கள்.

பெரிய கண்ணி வேறொன்று இருக்கிறது. பிறப்பே தாமதமாகப் பதியப்பட்டிருந்தால் சிக்கல். 2020-இல் பிசிசிஐ அறிவித்தபடி, பிறந்து இரண்டு ஆண்டுக்கு மேல் கழித்துப் பதிவாகியிருந்தால் 19 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் எத்தனை வருஷம் ஆடலாம் என்பதற்குக் கட்டுப்பாடு வரும். சான்றிதழில் பிறந்த தேதியை மட்டும் பார்க்காமல் ‘பதிவு செய்த நாள்’ என்ற வரியையும் பாருங்கள்.

‘ஒரு வருஷம் குறைத்துக்கொள்ளலாம் சார், எல்லோரும் செய்வதுதான்’ என்று யாராவது காதில் ஓதுவார்கள். போலிச் சான்றிதழ் பிடிபட்டால் இரண்டு வருஷத் தடை. அந்த வயதில் இரண்டு வருஷம் போனால் திரும்ப வராது.

2. வயதுக் கணக்கும் எலும்புப் பரிசோதனையும்

கணக்கு செப்டம்பர் 1-இல் தொடங்கும். 2025-26 சீசனில் 19 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆட 2006 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்கவேண்டும். ஆகஸ்டில் பிறந்த பையன் தன்னைவிடப் பதினோரு மாதம் மூத்தவர்களோடு மோதுவான், செப்டம்பரில் பிறந்தவன் அந்தக் கூட்டத்தில் பெரியவனாக இருப்பான். பதின்மூன்று, பதினான்கு வயதில் இந்த வித்தியாசம் தோளில் தெரியும், பந்தின் வேகத்தில் தெரியும். உங்கள் பிள்ளை ஆகஸ்ட் குழந்தையாக இருந்து ஒரு வருஷம் தேர்வாகவில்லை என்றால் உடனே மனம் விடாதீர்கள்.

16 வயதுக்குட்பட்ட பையன்களுக்கும் 15 வயதுக்குட்பட்ட பெண்களுக்கும் எலும்பு வயது பார்ப்பார்கள். டிடபிள்யூ3 என்ற முறை. இடது கை, மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று கணக்கிடுவார்கள். வெளியே எடுத்த எக்ஸ்ரே செல்லாது, வாரியத்தின் மேற்பார்வையில் எடுப்பதுதான் கணக்கு. உண்மையான சான்றிதழ் வைத்திருந்தும், சீக்கிரம் வளர்ந்துவிட்ட பிள்ளை இதில் வெளியே போவது உண்டு. அப்படி ஆனால் அது குற்றப் பட்டம் இல்லை. 19 வயதுக்குட்பட்ட பிரிவு திறந்தே இருக்கிறது. இதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பரிசோதனை முடிவு வந்த அன்று சொன்னால் ஏறாது.

3. முதல் திறமை எது என்று முடிவு செய்யுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வையுங்கள். தேர்வாளர் உங்கள் பிள்ளையை ஒரு வேலைக்குத்தான் எடுப்பார். இரண்டாவது வேலை தெரிந்திருந்தால் அணியில் நிலைப்பான். பாதி பேட்ஸ்மேன், பாதி பவுலர் என்றால் பள்ளி அணியில் ராஜா, மாவட்ட அணியில் பன்னிரண்டாவது ஆள்.

சோதிப்பது சுலபம். நாளைக்கே தோள் வலி வந்து ஆறு மாதம் பந்து போடக்கூடாது என்றால், வெறும் பேட்டிங்குக்காக அவனை அணியில் வைப்பார்களா? இல்லை, கையில் அடிபட்டுப் பதினோராவதாக இறங்கினாலும் பவுலிங்குக்காக வைப்பார்களா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்று பதில் வந்தால் அவன் இன்னும் ஆல்ரவுண்டர் இல்லை.

முதல் திறமை வழியில் மாறலாம். அஸ்வின் சிறுவயதில் தொடக்க ஆட்டக்காரர், பிறகுதான் ஆஃப் ஸ்பின். டெஸ்ட்டில் 537 விக்கெட், கூடவே 6 சதம். வாஷிங்டன் சுந்தர் பேட்ஸ்மேனாக வளர்ந்தவர். 2017-இல் 17 வயதில் ஐபிஎல்லுக்குள் நுழைந்தது, காயமடைந்த அஸ்வினுக்குப் பதிலாக, ஆஃப் ஸ்பின்னராக. 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட்டில் எல்லோரும் அவரைப் பற்றிப் பேசியது அந்த 62 ரன்னுக்காக. எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று நமக்குத் தெரியாது, ஆனால் ஒவ்வொரு கதவிலும் ஒரு திறமையைக் காட்டித்தான் உள்ளே போனார்.

என் கருத்தில் 14 வயது வரை இரண்டையும் சமமாக ஓட்டலாம். 15-இல் பயிற்சி நேரத்தை மூன்றில் இரண்டு பங்கு முதல் திறமைக்கு ஒதுக்குங்கள். இன்னொன்று, நம் மாநிலத்தில் ஆஃப் ஸ்பின் போட்டுக்கொண்டு கொஞ்சம் பேட் செய்யும் பையன்கள் வரிசை கட்டி நிற்பார்கள். ஒழுங்காக ரன் எடுக்கத் தெரிந்த மீடியம் பேசர் குறைவு. பிள்ளையின் உடல்வாகு இடம் கொடுத்தால் இதை யோசியுங்கள், இல்லையென்றால் வற்புறுத்தாதீர்கள்.

4. பயிற்சி மையம்: நெட்ஸில் யார் கடைசி என்று பாருங்கள்

சென்னையில் குழுப் பயிற்சிக்கு மாதம் இரண்டாயிரத்திலிருந்து ஆறாயிரம் ரூபாய் வரை கேட்கிறார்கள். பெயர் பெற்ற இடங்களில் இன்னும் அதிகம். தனிப் பயிற்சி என்றால் மணிக்கணக்கு வேறு. மாவட்டங்களில் இதில் பாதிக்கும் நல்ல பயிற்சியாளர் கிடைப்பார். ஒரு வருஷக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள், கட்டாதீர்கள். மூன்று மாதம் பாருங்கள்.

ஆல்ரவுண்டர் பிள்ளைக்கு அகாடமியில் நடக்கும் அநியாயம் ஒன்று உண்டு. நாங்கள் முதலில் சேர்த்த இடத்தில் மாலை நாலரைக்கு நெட்ஸ், அதாவது வலைப் பயிற்சி, தொடங்கும். பந்து நன்றாகப் போடுகிறான் என்பதால் என் மகனை முதல் பேட்ஸ்மேனுக்கே போடச் சொல்வார்கள். அவர் போனதும் அடுத்தவர், அதற்கடுத்தவர். ஆறேகாலுக்கு ‘பேட் கட்டுடா’ என்று சொல்லும்போது வெளிச்சம் மங்கியிருக்கும், சிவப்புப் பந்து கண்ணுக்குத் தெரியாது, எதிரே பந்து போட ஓய்ந்துபோன இரண்டு சின்னப் பையன்கள். பத்து நிமிஷம் ஆடிவிட்டு வருவான். கட்டணம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

அதனால் சேர்க்கும் முன் ஒரு முழு மாலை போய் உட்காருங்கள். ஒரு நெட்டில் எத்தனை பேர், ஒருவருக்கு எத்தனை நிமிஷம், பவுலர்கள் எப்போது பேட் செய்கிறார்கள் என்று கவனியுங்கள். ‘வாரத்தில் இரண்டு நாளாவது முதல் மூன்று பேரில் ஒருவனாக இறக்கவேண்டும்’ என்று பயிற்சியாளரிடம் பணிவாக, ஆனால் சேரும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள். கட்டடத்து முகப்பில் யாருடைய படம் இருக்கிறது என்பது பெரிய விஷயமில்லை, அந்தப் படத்தில் இருப்பவர் வருஷத்துக்கு எத்தனை நாள் அங்கே வருகிறார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

5. கிட்: இரண்டு வேலைக்கும் செலவு

பேட்ஸ்மேனுக்கு நல்ல பேட், பவுலருக்கு நல்ல ஷூ. ஆல்ரவுண்டருக்கு இரண்டும் வேண்டும், பர்ஸ் கனமாக இருக்கவேண்டும். பணம் குறைவென்றால் இந்த வரிசையில் வாங்குங்கள். முதலில் ஹெல்மெட். பிஎஸ் 7928:2013 என்ற தர எண் உள்ளே ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அடுத்து அப்டமன் கார்டு, பேடு, கிளவுஸ். அதற்கடுத்து பவுலிங் ஷூ. கடைசியில் பேட்.

காஷ்மீர் வில்லோ பேட் இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரத்துக்குள் கிடைக்கும், 14 வயது வரை அது போதும். இங்கிலீஷ் வில்லோ என்றால் சுமாரான பேட்டே பத்தாயிரத்தை ஒட்டி வரும், மேலே ஐம்பதாயிரம் வரை போகும். ‘வளர்கிற பிள்ளை, பெரிய சைஸா எடுத்துடலாம்’ என்று பள்ளிச் சட்டை எடுப்பதுபோல் பேட் எடுக்காதீர்கள். கனமான பேட் முதலில் கெடுப்பது கீழ்க்கையை, பின்னால் கெடுப்பது முழங்கையை. முழு அளவுக்கு ஒரு படி கீழான ஹாரோ சைஸ் முடிந்து உயரம் வந்தபிறகு முழு அளவு. புது இங்கிலீஷ் வில்லோவுக்கு ஆளிவிதை எண்ணெய் தடவி, மரச் சுத்தியலால் பல மணிநேரம் தட்டியபிறகுதான் தோல் பந்துக்கு எடுக்கவேண்டும். கடைக்காரர் ‘ரெடி டு ப்ளே’ என்று சொன்னாலும் ஓரங்களைத் தட்டுங்கள்.

ஷூவில் ஒரு எச்சரிக்கை. பாய் விரித்த மேட்டிங் பிட்சில் இரும்பு முள் ஷூ போட விடமாட்டார்கள், ரப்பர் அடி வேண்டும். மைதானம் எப்படி என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

பந்தும் கவனிக்கவேண்டியதுதான். 13 வயதுக்குட்பட்டவர்களின் பந்து 133 முதல் 144 கிராம், பெண்களின் பந்து 140 முதல் 151, ஆண்களின் பந்து 156 முதல் 163. பதினொரு வயதுப் பிள்ளையைப் பெரியவர்கள் பந்தில் தினமும் போடவைத்தால் தோள் கேள்வி கேட்கும்.

6. கிளப்பும் லீக்கும்

சென்னையில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கமான டிஎன்சிஏ நடத்தும் லீக்கில் முதல் டிவிஷனிலிருந்து கீழே பல டிவிஷன்கள் உண்டு. மாவட்டங்களில் மாவட்டச் சங்கம் தனியாக லீக் நடத்தும். ஒரு வீரர் ஒரு சீசனில் ஒரு கிளப்பில்தான் பதியமுடியும், மாறுவதற்கும் குறிப்பிட்ட காலம் உண்டு. அந்த ஜன்னல் மூடிவிட்டால் வருஷம் போயிற்று. பதிவுப் படிவத்தில் வெறுமையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். கிளப் பெயர், சீசன் எல்லாம் நிரப்பியபிறகு போடுங்கள், போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த டிவிஷன் என்பதில் ஆல்ரவுண்டருக்குத் தனிக் கணக்கு. மேல் டிவிஷன் கிளப் கூப்பிடும், பெருமையாக இருக்கும். அங்கே எட்டாவதாக இறக்கி, ஆறாவது பவுலராக இரண்டு ஓவர் கொடுப்பார்கள். சீசன் முடிவில் மொத்தம் நூறு ரன்கூட இருக்காது. ஒரு படி கீழே இறங்கி, நாலாவதாக இறங்கி முழு ஓவரும் போடும் இடம் கிடைத்தால் அதை எடுங்கள். தேர்வாளர் கையில் இருப்பது ரன், விக்கெட் பட்டியல். சேரும் முன் கேப்டனிடம் நேராகக் கேளுங்கள்: எத்தனையாவது இறக்குவீர்கள், எத்தனை ஓவர்?

ஸ்கோர் ஷீட்டை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போட்டோ எடுத்து வையுங்கள். கிரிக்ஹீரோஸ் என்ற ஸ்கோர் செயலியில் இருந்தால் நல்லது, ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஸ்கோரர் பெயரை மாற்றிப் போட்ட விக்கெட்டுகள் ஏராளம்.

‘எங்கள் பிரீமியர் லீக்கில் ஆடினால் ஐபிஎல் ஸ்கவுட் பார்ப்பார், பதிவுக் கட்டணம் இருபதாயிரம்’ என்று விளம்பரம் வந்தால் ஓடிவிடுங்கள். பணம் ஒரு பக்கம். அங்கீகாரம் இல்லாத போட்டியில் ஆடினால் சங்கத்தில் பதிந்த வீரருக்கே தடை வரலாம். அதேபோல் இடம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர்கள். வாங்கிக்கொண்டு சும்மா இருப்பார்கள், பிள்ளை சொந்தத் திறமையில் தேர்வானால் தங்களால்தான் என்பார்கள், தேர்வாகாவிட்டால் போனை எடுக்கமாட்டார்கள்.

7. தேர்வு நாள்

19 வயதுக்குட்பட்டோருக்கான வினூ மன்கட் ஒருநாள் போட்டி பெரும்பாலும் அக்டோபரில் வரும். அதனால் மாநில அணித் தேர்வு அதற்கு முந்தைய மாதங்களில் நடக்கும், காலாண்டுத் தேர்வோடு மோதும். பள்ளியில் ஜூனிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்புக்கும் தேர்வு நாளுக்கும் நடுவில் சில நாள்தான் இருக்கும். அசல் சான்றிதழ், இரண்டு செட் நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ, பேனா, எல்லாம் ஒரே கவரில் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

படிவத்தில் பேட்ஸ்மேனா, பவுலரா, கீப்பரா, ஆல்ரவுண்டரா என்று கேட்பார்கள். முதல் சுற்றில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஆளுக்கு ஒன்றிரண்டு ஓவர்தான். ஆல்ரவுண்டர் என்று எழுதினால் இரண்டும் பார்ப்பார்கள் என்று நம்பிப் போகிறோம். நடப்பது வேறு. ஒரு நெட்டில் பந்து போட்டுக்கொண்டிருக்கும்போது இன்னொரு நெட்டில் பேட்டிங்குக்கு நம்பரைக் கூப்பிட்டுவிடுவார்கள். குரல் கேட்காது. கேட்டு ஓடிவந்து பேடு கட்டுவதற்குள் அடுத்த நம்பர் இறங்கியிருப்பான். வெளியே நிற்கும் நமக்குக் கம்பி வேலியைத் தாண்டிக் கத்த மட்டும்தான் முடியும்.

இதற்கு வழி, நம்பர் வாங்கியதும் பட்டியல் வைத்திருப்பவரிடம் பிள்ளையே போய், ‘சார், நான் முதலில் பந்து போட்டுவிட்டு அப்புறம் பேட் செய்யலாமா’ என்று கேட்பது. பெரும்பாலும் சரி என்பார்கள். மீடியம் பேசர் என்றால் உடம்பு புதிதாக இருக்கும்போது போட்டுவிடுவதே நல்லது. போட்டு முடித்ததும் ஓரமாக உட்காராமல் உடனே பேடு கட்டி நெட்டுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். ஒன்றைத்தான் பார்ப்போம் என்று கண்டிப்பாகச் சொன்னால், முதல் திறமையை எழுதுங்கள். மூன்றாவது படி இங்கேதான் உதவும்.

8. ஓவரை எண்ணுங்கள்

பள்ளியில் காலை எட்டு ஓவர், அகாடமியில் மாலை ஒரு மணிநேரம், ஞாயிற்றுக்கிழமை கிளப். மூன்று பயிற்சியாளர்களும் தங்கள் பங்கைத்தான் பார்ப்பார்கள். மொத்தத்தை எண்ணுகிற ஒரே ஆள் வீட்டில் இருப்பவர்தான். இங்கிலாந்து வாரியம் வேகப்பந்து வீசும் சிறுவர்களுக்குப் பல ஆண்டுகளாக வைத்திருந்த வரம்பைப் பாருங்கள்: 13 வயது வரை ஒரு ஸ்பெல்லுக்கு (ஒரே மூச்சில் தொடர்ந்து போடுவது) 5 ஓவர், நாளுக்கு 10. 14, 15 வயதில் 6 ஓவர், நாளுக்கு 12. 16, 17 வயதில் 7 ஓவர், நாளுக்கு 18. நெட்ஸில் போடுவதையும் சேர்த்து எண்ணி, காலண்டரில் குறியுங்கள்.

கீழ்முதுகில் ஒரு பக்கமாக, பின்னால் வளையும்போது வலி என்று சொன்னால் தைலம் தேய்த்து அனுப்பாதீர்கள். முதுகெலும்பில் அழுத்த விரிசலாக இருக்கலாம். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது உண்டு, எம்ஆர்ஐ எடுக்கவேண்டியிருக்கும். சில மாதங்கள் பந்தைத் தொடக்கூடாது. ஹர்திக் பாண்டியாவே 2018-இல் முதுகு பிடித்துக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் போனார், 2019-இல் அறுவை சிகிச்சை. முதுகு ஆறும் மாதங்களில், மருத்துவர் அனுமதித்தபின், பேட்டிங் மட்டும் ஆடலாம். ஆல்ரவுண்டருக்கு உள்ள ஒரே சலுகை அது.

9. பணம் எப்போது வரும்

தாமதமாக வரும், வந்தால் நன்றாக வரும். 2021-இல் பிசிசிஐ அறிவித்த ஆட்டச் சம்பளப்படி, ரஞ்சியில் 20 ஆட்டம் வரை ஆடியவருக்கு நாளுக்கு 40,000, அதற்குமேல் 40 வரை 50,000, அதையும் தாண்டினால் 60,000 ரூபாய். வெளியே உட்காரும் மாற்று ஆட்டக்காரருக்குப் பாதி. நான்கு நாள் லீக் ஆட்டம் ஏழு என்றால், புதியவர் எல்லாம் ஆடினால் 11 லட்சத்தைத் தாண்டும். 19 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு நாளுக்கு 20,000, 23 வயதுக்குட்பட்டவர்களுக்கு 25,000. இப்படி ஓர் அணிக்கு மாநிலம் முழுவதிலிருந்தும் சுமார் பதினைந்து பேரைத்தான் எடுப்பார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

தமிழ்நாடு பிரீமியர் லீக்கான டிஎன்பிஎல்லில் எட்டு அணிகள், 2023 முதல் ஏலம். முதல் ஏலத்தில் சாய் சுதர்சன் 21.6 லட்சத்துக்குப் போனார். ஐபிஎல்லில் அடிப்படை விலையின் கீழ்மட்டம் இப்போது 30 லட்சம். இருபது ஓவர் ஆட்டத்தில் ஆல்ரவுண்டருக்குத்தான் மவுசு என்று எல்லோரும் சொல்வார்கள், முழுக்க உண்மையில்லை. 2023-இல் ஐபிஎல்லில், ஆட்டத்தின் நடுவில் ஒருவரை மாற்றிக்கொள்ள விடும் இம்பாக்ட் பிளேயர் விதி வந்தபிறகு, இரண்டு ஓவர் போடும் பேட்ஸ்மேனுக்குப் பதிலாக முழுநேர பவுலரையே உள்ளே கொண்டுவந்துவிடுகிறார்கள். ஆல்ரவுண்டர் வளர்ச்சியை இது தடுக்கிறது என்று ரோஹித் சர்மாவே வெளிப்படையாகச் சொன்னார். 2024-25 முதல், மாநில அணிகள் ஆடும் இருபது ஓவர் சையது முஷ்டாக் அலி போட்டியில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள், நமக்கு அது நல்ல செய்தி.

10. படிப்பும் வேலையும்

அட்டெண்டன்ஸ் விஷயத்தில் கல்லூரியைச் சேரும்போதே எழுத்தில் கேளுங்கள். ‘பார்த்துக்கலாம்’ என்று வாயால் சொல்வது செமஸ்டர் முடிவில் நிற்காது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவு தனியாக உண்டு, தமிழ்நாடு அரசு வேலைகளில் 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ரயில்வேயும் படைப்பிரிவுகளின் அணியும் ரஞ்சியில் சொந்தமாக ஆடுகின்றன. இவற்றில் எதற்குப் போனாலும் கேட்பது குறிப்பிட்ட வடிவத்தில், சங்கப் பொறுப்பாளர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள சான்றிதழ். செய்தித்தாள் நறுக்கு செல்லாது. ஆடிய சீசன் முடிந்த அந்த மாதமே போய் வாங்கிவிடுங்கள். நிர்வாகிகள் மாறுவார்கள், பதிவேடு இடம் மாறும், நாலு வருஷம் கழித்துப் போனால் ‘அப்போது இருந்தவரைக் கேளுங்கள்’ என்பார்கள். வாங்கும்போதே பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள்.